உண்டியலுக்குள்ள கணக்கு வயிற்றுக்கு வேண்டாமா?

பழனிக் கோயிலில் உண்டியலைத் திறந்து எண்ணுகிற வைபவத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாய்த் தெரியும். அதாவது, அங்கே யாரும் யாரையும் நம்புவதில்லை. தேவஸ்தான அதிகாரிகள் ஒரு பக்கம், பாங்கிக் குமாஸ்தாக்கள் ஒரு பக்கம், எண்ணுவதற்கென்றே அழைத்துவரப்பட்ட கல்லூரி மாணவர்கள் ஒரு பக்கம், இவர்கள் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கக் காமிராக்கள் ஒரு பக்கம். நோட்டு வேறு, சில்லறை வேறு, பொன் வேறு, வெள்ளி வேறு என்று பிரித்து எண்ணி, கடைசியில் இத்தனை ரூபாய் என்று ஊரறியச் சொல்லுகின்றார்கள். எல்லாம் வல்ல ஆண்டவனுடைய பணம்தானே, அதை அவனே பார்த்துக்கொள்ள மாட்டானா என்று எந்தப் பக்தரும் அங்கே கேட்பதில்லை. பண விஷயத்தில் நம்மவர்கள் எல்லோருமே பகுத்தறிவுவாதிகள்தான்!

இதை நாம் ஒரு குற்றமாகச் சொல்ல வரவில்லை. எண்ண வேண்டியதை எண்ணுவதுதான் யோக்கியமான காரியம். நாம் கேட்பதெல்லாம் இதுதான்: அதே பழனி மலைத்தொடரில் பூம்பாறையிலும் மன்னவனூரிலும் கூக்கலிலும் பூண்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டு வாழுகின்ற ஓர் ஏழைப்பெண், மலையிறங்கிப்போய் ஓர் ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் படுத்து, வயிற்றைத் திறந்து கொடுக்கின்றாளே, அந்த வயிற்றுக்குள் வைத்த துணிகள் எத்தனை, வெளியே எடுத்தவை எத்தனை என்பதற்கு, உண்டியலில் விழுந்த ஐந்து ரூபாய்க்குள்ள கணக்காவது உண்டா என்பதேயாகும்.

இது வீண் பயமுறுத்தல் என்று சிலர் நினைக்கலாம். ஆகையால் விஷயத்தைக் கொஞ்சம் விவரமாகவே சொல்லுகின்றோம்.

வயிற்றைத் திறந்து செய்யும் ஆப்பரேஷனில் இரத்தத்தை ஒற்றியெடுக்கவும், குடலை ஒதுக்கி வைக்கவும் டாக்டர்கள் பருத்தித் துணியை உபயோகிக்கின்றார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் இதைக் 'காஸ்' என்றும் 'மாப்' என்றும் சொல்லுகின்றார்கள். உள்ளே வைக்கும்போது வெள்ளையாயிருக்கும் துணி, இரத்தத்தில் ஊறினபின் சதையோடு சதையாய்ச் சுருண்டுவிடும். கண்ணால் பார்த்து இது துணி, இது சதை என்று கண்டுபிடிப்பது கை தேர்ந்தவர்களுக்கும் கஷ்டமே. அப்படி ஒரு துணியை உள்ளே விட்டுவிட்டு வயிற்றைத் தைத்துவிட்டால், பிறகு நடப்பது இரண்டிலொன்று. ஒன்று, சில நாட்களுக்குள் சீழ் பிடித்து ஜுரம் காய்ந்து, மறுபடியும் வயிற்றைத் திறக்க நேரிடும். இரண்டாவது, பருத்தியை உடம்பு ஜீரணித்துக்கொள்ள முடியாததால் அதைச் சுற்றி ஒரு கூடு கட்டிவிடும். அந்தக் கூடு மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கும். பிறகு ஸ்கேனில் கட்டியைப்போல் தோன்றும். குடலை அரித்து ஓட்டை போடுவதும் உண்டு. துணியால் உண்டான இந்தக் கட்டிக்கு வைத்திய நூல்களில் தனிப் பெயரே இருக்கின்றது. 1884-ஆம் வருஷத்திலேயே இதைப்பற்றி எழுதியிருக்கின்றார்கள். ஆகவே இது நேற்று முளைத்த கேடல்ல.

இப்படிப்பட்ட ஒரு பெண், ஆப்பரேஷன் முடிந்து மலையேறி ஊருக்கு வந்து, ஆறு மாதம் கழித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், அவளுக்கு நம் ஜனங்கள் என்ன சொல்லுவார்கள்? "சாமி குற்றம்" என்பார் ஒருவர். "பழனிக்கு நேர்ந்துகொண்ட முடி பாக்கியிருக்கிறதா, பார்" என்பார் இன்னொருவர். "அவள் தலையெழுத்து" என்று மூன்றாமவர் முடித்துவிடுவார். தலையில் எழுதியிருப்பதை இதுவரை யாரும் படித்துக் காட்டியதில்லை. ஆனால் வயிற்றில் இருப்பதை எக்ஸ்ரே படம் காட்டும். ஏனெனில், நல்ல ஆஸ்பத்திரிகளில் உபயோகிக்கும் துணிகளில் எக்ஸ்ரேயில் தெரியக்கூடிய ஒரு பட்டைநூல் வைத்து நெய்யப்பட்டிருக்கின்றது. எழுத்தென்றால் அதுதான் எழுத்து. அதைப் படிக்கத்தான் ஆளில்லை!

நிற்க, நம் நாட்டில் கோர்ட்டு வரை வந்த சில சங்கதிகளைப் பார்ப்போம்.

1963-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் மராட்டிய நாட்டு அவுரங்காபாத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்குக் கருத்தடை ஆப்பரேஷன் செய்தார்கள். ஜுரமும் வலியும் கண்டு மறுபடியும் திறந்தபோது உள்ளே ஒரு துணி இருந்தது. அந்த மாதம் முடிவதற்குள்ளாகவே அந்தப் பெண் இறந்துபோனாள். அவள் புருஷன் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டு கொடுக்கச் சொன்ன நஷ்டஈடு 36,000 ரூபாய். அதைக் கொடுக்க மனமில்லாமல் சர்க்கார் மேலே போயிற்று; ஐக்கோர்ட்டில் ஜெயமும் பெற்றது. கடைசியாக 1996-இல்தான் சுப்ரீம் கோர்ட்டு, ஆஸ்பத்திரி நடத்துவது ஏதோ ராஜ அதிகாரத்தைச் செலுத்துகிற காரியமல்ல என்றும், துணியை உள்ளே விட்டது எந்தக் கை என்று நோயாளி தரப்பு நிரூபிக்க வேண்டியதில்லை என்றும், சர்க்கார் பொறுப்பாளிதான் என்றும் தீர்ப்புச் சொல்லிற்று. துணி உள்ளே போனதற்கும் நியாயம் வெளியே வந்ததற்கும் இடையில் 33 வருஷம்! சென்னை ஐக்கோர்ட்டும் 2000-ஆம் ஆண்டில் இதேபோன்ற ஒரு வழக்கில், வயிற்றில் துணி கிடந்தது என்பதே கவனக்குறைவுக்குச் சாட்சி என்ற நியாயத்தை ஒப்புக்கொண்டது.

இன்னொன்று. 1993-இல் பம்பாயில் பித்தப்பை ஆப்பரேஷன் செய்துகொண்ட ஒருவருக்கு ஒன்பது வருஷம் வலி. 2002-இல் மறுபடியும் திறந்தபோது பஞ்சுத்துணி வந்தது. அவர் நஷ்டஈடு கேட்டார். 2010-இல் சுப்ரீம் கோர்ட்டு என்ன சொல்லிற்று? இரண்டு வருஷக் கெடு தாண்டிவிட்டது, வலி ஆரம்பத்திலிருந்தே இருந்ததால் அப்போதே டாக்டரிடம் போயிருக்க வேண்டும் என்று சொல்லித் தள்ளிவிட்டது. அந்த நோயாளி யார் தெரியுமா? ஒரு நர்சு! ஆஸ்பத்திரியிலேயே பிழைப்பு நடத்திய ஒருவருக்கே தம் வயிற்றில் இருந்தது தெரியவில்லையென்றால், கூக்கலிலும் பூலத்தூரிலும் இருக்கிற நம் தாய்மார்கள் எந்தக் கெடுவுக்குள் கண்டுபிடிக்கப் போகின்றார்கள் என்று கேட்கின்றோம்.

மேற்கே கேரளத்தில், கோழிக்கோட்டு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் 2017-இல் பிள்ளைப்பேற்று ஆப்பரேஷன் செய்துகொண்ட ஒரு தாயின் வயிற்றிலிருந்து 2022-இல் வெளிவந்ததோ துணிகூட அல்ல, இரும்பு இடுக்கி! அவர் நியாயத்துக்காகத் தெருவில் பந்தல் போட்டு உட்கார வேண்டியதாயிற்று. 2023-இல் போலீசார் இரண்டு டாக்டர்கள் மீதும் இரண்டு நர்சுகள் மீதும் குற்றப்பத்திரிகை கொடுத்தார்கள்.

இவற்றையெல்லாம் படித்தவுடன் "டாக்டர்களையெல்லாம் ஜெயிலில் போடு" என்று கூச்சல் போடத் தோன்றும். நாம் அப்படிச் சொல்லமாட்டோம். கெட்ட எண்ணத்தோடு துணியை உள்ளே வைத்துத் தைக்கிற டாக்டர் உலகத்திலேயே இருக்கமாட்டார். காரணம் வேறு. அதைத்தான் ஆராய வேண்டும்.

அமெரிக்காவில் டாக்டராயிருக்கும் அதுல் கவாண்டே என்பவரும் அவரது தோழர்களும், இப்படி உடம்புக்குள் சாமான்களை விட்டுவிட்ட 54 நோயாளிகளின் சங்கதிகளை ஒன்றுவிடாமல் ஆராய்ந்து 2003-இல் வெளியிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பஞ்சுத்துணிகளே. அவர்கள் கண்டது என்ன? நிதானமாய் நாள் குறித்துச் செய்யும் ஆப்பரேஷனைவிட அவசரத்தில் செய்யும் ஆப்பரேஷனில் இந்த ஆபத்து ஒன்பது மடங்கு. ஆப்பரேஷனின் நடுவில் எதிர்பாராத மாறுதல் ஏற்பட்டால் நான்கு மடங்கு. எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: எண்ணிப் பார்த்ததாகச் சொல்லப்பட்ட ஆப்பரேஷன்களிலும் நூற்றுக்கு 88-இல் "கணக்குச் சரி" என்றே முடிக்கப்பட்டிருந்தது! அதாவது, துணி உள்ளே, "சரி" காகிதத்தில்.

இந்த ஒன்பது மடங்கு என்பதை மலைநாட்டார் விசேஷமாய்க் கவனிக்க வேண்டும். 1845-இல் மதுரையிலிருந்த அமெரிக்கப் பாதிரிமார்கள், கீழ்நாட்டு ஜுரத்துக்குப் பயந்து கோடைக்கானலில் வீடு கட்டினார்கள். உயிர் பிழைக்க அவர்கள் மலையேறினார்கள். நம்மவர்களோ உயிர் பிழைக்க மலையிறங்குகின்றார்கள். கார் போகும் பாதை 1916-இல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன்பெல்லாம் பெரியகுளத்துப் பக்கத்துத் தோப்பிலிருந்து, ஆள் ஆளைச் சுமந்துதான் மேலே ஏறியிருக்கின்றார்கள். துரைமார்களுக்குப் பாதை வந்த பிறகும், வெள்ளகவி போன்ற ஊர்களில் பல தலைமுறையாக நோயாளியை டோலி கட்டித்தான் தூக்கிவந்தார்கள். மன்னவனூரிலிருந்து கோடைக்கானலுக்கு வரவே 30 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து வத்தலக்குண்டு இறங்க 50-க்கு மேல். சிக்கலான கேஸ் என்றால் அதற்கும் அப்பால் திண்டுக்கல்லுக்கோ, தேனிக்கோ, மதுரைக்கோ போக வேண்டும். இவ்வளவு வளைவும் சுற்றி, நடுராத்திரியில், இரத்தம் போன நிலையில் வந்து சேருகிறவளுக்கு எந்த மாதிரி ஆப்பரேஷன் நடக்கும்? அவசர ஆப்பரேஷன்தானே! ஆகவே தூரத்தினால் முதலில் ஒரு தண்டனை, அவசரத்தினால் மேலும் ஒரு தண்டனை. பிறகு வலி வந்தால் திரும்பிப் போய்க் காட்டப் பஸ் செலவுக்கும் வழியில்லாமல் மூன்றாவதாய் ஒரு தண்டனை.

அப்படியானால் "கணக்குச் சரி" என்று பொய்க் கணக்கு எப்படி எழுதப்படுகின்றது? ஒன்று, துணிகள் ஒட்டிக்கொண்டு இரண்டு ஒன்றாகத் தெரியும். கட்டிலேயே ஒன்று கூடவோ குறையவோ இருக்கும். இரண்டு, நடுவில் நர்சுகள் வேலை மாறுவார்கள். மூன்றாவது, நாம் முக்கியமாய்ச் சொல்ல வந்தது: பயம்!

ஆப்பரேஷன் அறையைக் கர்ப்பக்கிரகத்துக்குச் சமமாக்கி வைத்திருக்கின்றார்கள். வெளியார் பார்க்க முடியாது. படுத்திருப்பவளுக்கோ நினைவில்லை. உள்ளே பெரிய டாக்டர். அவருக்குக் கீழே சின்ன டாக்டர். அவருக்கும் கீழே நர்சு. எல்லோருக்கும் கீழே துணி பொறுக்கிப் போடும் தொழிலாளி. நம் நாட்டில் நாலு படி எங்கே இருக்கிறதோ, அங்கே மேற்படி பேசும், கீழ்ப்படி தலையாட்டும் என்பது பழக்கம். நேரமாகிவிட்டது, பெரிய டாக்டர் ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். "கணக்குச் சரிதானே?" என்கின்றார். நர்சின் எண்ணிக்கையில் ஒன்று குறைகின்றது. "சார், நிறுத்துங்கள், ஒன்று குறைகிறது" என்று சொன்னால் என்ன ஆகும்? "உனக்கு எண்ணத் தெரியாதா?" என்ற வசவு விழும். அதற்குப் பயந்து, தான்தான் தப்பாய் எண்ணியிருப்போம் என்று தன்னையே சந்தேகித்துக்கொண்டு, "சரி, சார்" என்று சொல்லிவிடுகின்றாள். அந்த ஒரு "சரி, சார்" ஐந்து வருஷம் ஒரு தாயின் வயிற்றில் கிடந்து அழுகுகின்றது. பின்னால் விஷயம் வெளியே வந்தால் முதலில் வேலை போவது யாருக்கு? வாயைத் திறக்க அதிகாரம் கொடுக்கப்படாத அந்த நர்சுக்குத்தான்!

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். இது எண்ணத் தெரியாததால் வந்த கேடு மாத்திரமல்ல. எண்ணியதைச் சொல்லத் தைரியமில்லாமல் செய்துவிட்டதாலும் வந்த கேடு. ஒரு நர்சுக்குச் சுயமரியாதை இல்லாத ஆப்பரேஷன் அறையில் நோயாளியின் உயிருக்குப் பத்திரமில்லை.

பரிகாரம் இல்லாமலில்லை, அதற்குப் பெரும் பொக்கிஷமும் தேவையில்லை. 2008-இல் உலக சுகாதார ஸ்தாபனம் 19 விஷயங்கள் அடங்கிய ஒரு ஜாபிதா வெளியிட்டது. அதில் ஒன்று, நோயாளி அறையை விட்டுப் போகுமுன் ஆயுதம், துணி, ஊசி இவற்றின் எண்ணிக்கையை நர்சு வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்பது. லண்டன், டொரோண்டோ போன்ற பணக்கார ஊர்களில் மட்டுமல்லாமல், புது டில்லியிலும், ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டு இஃபகாரா என்னும் சிற்றூரிலுமாக எட்டு இடங்களில் இதைச் சோதித்து 2009-இல் பலனை வெளியிட்டார்கள். ஆப்பரேஷனுக்குப்பின் சாவு நூற்றுக்கு 1.5-லிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஜாபிதாவிலுள்ள எல்லாம் சேர்ந்து கொடுத்த பலன் இது. இஃபகாராவில் முடிந்தது திண்டுக்கல் ஜில்லாவில் முடியாதா?

ஆதலால் நாம் வேண்டுவன இவை:

முதலாவது, ஆப்பரேஷன் ஆரம்பிக்குமுன் ஒரு முறை, வயிற்றைத் தைக்குமுன் ஒரு முறை, மேல்தோலைத் தைக்கும்போது ஒரு முறை, இரண்டு பேர் சேர்ந்து, ஒவ்வொரு துணியையும் பிரித்து, வாய்விட்டு எண்ணவேண்டும். எண்ணியதை எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி பலகையில் எழுதவேண்டும். நடுவில் ஆள் மாறினால் மாறும்போதும் எண்ணவேண்டும்.

இரண்டாவது, எக்ஸ்ரேயில் தெரியும் நூல் வைத்த துணியைத் தவிர வேறு துணி, வயிறு மூடும் வரையில் மேஜைக்கே வரக்கூடாது. துணியை இரண்டாக வெட்டவும் கூடாது. எடுத்த துணிகளைக் குப்பையில் குவிக்காமல், அறைக்கு ஒன்றாகப் பை தைத்து வரிசையாகத் தொங்கவிட்டால், காலியாயிருக்கும் அறையே குறைவைச் சொல்லிவிடும். பட்டைக்குறி வைத்து யந்திரம் எண்ணும் துணிகளும் இப்போது வந்திருக்கின்றன. அவை வரட்டும், ஆனால் யந்திரம் வரும் வரையில் எண்ணாமலிருக்க அது ஒரு சாக்காகக்கூடாது.

மூன்றாவது, ஒன்று குறைகிறதென்று நர்சு சொன்னால், டாக்டர் எவ்வளவு பெரியவரானாலும் ஊசியைக் கீழே வைக்கவேண்டும். வயிற்றிலும் துணிகளுக்கிடையிலும் தரையிலும் தொட்டியிலும் தேடி, அகப்படாவிட்டால் நோயாளியை அறையை விட்டு அனுப்புமுன் எக்ஸ்ரே எடுத்தாகவேண்டும். அப்படிச் சொன்ன நர்சைக் கடிந்துகொள்வது குற்றம் என்று சர்க்காரே உத்தரவு போடவேண்டும்.

நான்காவது, எண்ணிக்கை எவ்வளவு, எண்ணியது யார் யார் என்பதை நோயாளிக்குக் கொடுக்கும் சீட்டிலேயே எழுதவேண்டும். தவறு நேர்ந்துவிட்டால் மறைக்காமல் சொல்லி, செலவில்லாமல் எடுத்துவிட்டு, நஷ்டஈடும் கொடுக்கவேண்டும். எல்லோருக்கும் இலவசமாய் வைத்தியம் செய்யும் ஆஸ்பத்திரிகளை நுகர்வோர் சட்டத்திலிருந்து 1995-இல் சுப்ரீம் கோர்ட்டு விலக்கிவிட்டது. ஆகவே தர்ம ஆஸ்பத்திரிக்குப் போன ஏழை, பணம் கட்டிப் போனவனுக்குள்ள எளிய வழியும் இல்லாமல் சிவில் கோர்ட்டு வாசலில் நிற்கிறான். ஏழைக்கு நஷ்டமே ஏற்படாது என்பது எந்தச் சாஸ்திரமோ நமக்குத் தெரியவில்லை.

வாசகர்களுக்கும் இரண்டு வார்த்தை. ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போடும்போது, "துணி எண்ணுவது யார்?" என்று கேளுங்கள். டாக்டரை அவமதிப்பதாக அது ஆகாது. நல்ல டாக்டர் சந்தோஷப்படுவார். ஆப்பரேஷனுக்குப்பின் ஜுரமோ, விடாத வலியோ, சீழோ, கட்டியோ கண்டால், நேர்த்திக்கடனுக்கு நாள் பார்க்குமுன் எக்ஸ்ரேக்கும் ஸ்கேனுக்கும் நாள் பாருங்கள். எந்த வலியும் துணியால்தான் என்று நாம் சொல்லவில்லை. இப்படி நேருவது ஆயிரக்கணக்கான ஆப்பரேஷன்களில் ஒன்றுதான். ஆனால் அந்த ஒருவராக இருக்கிறவருக்கு அது முழு வாழ்வு. ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரமாய் வையுங்கள்; இரண்டு வருஷக் கெடு உங்கள் வலிக்காகக் காத்திருக்காது.

ஆண்டவன் உண்டியலில் ஒரு ரூபாய் குறைந்தால் ஆண்டவன் ஏழையாகிவிடமாட்டான். ஆனாலும் அதை எண்ண அவ்வளவு பேர், அவ்வளவு காவல். மேஜைமேல் ஒரு துணி குறைந்தால் ஒரு குடும்பம் தாயை இழக்கும். அதை எண்ண இரண்டு பேரும், "குறைகிறது" என்று சொல்ல ஒருத்திக்குத் தைரியமும், அதைக் கேட்டு நிறுத்த ஒருவருக்கு மனமும் போதும். இவ்வளவுகூடச் செய்யமாட்டோம் என்றால், பிறகு விதியின்மேல் பழிபோட நமக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று கேட்கின்றோம்.